ருமங்காபோவின் தையல் அறை: விருங்கா பூங்காவின் பயணச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

என் எழுதுமேசையில் ஒரு சாண் உயரமுள்ள கறுப்புக் கொரில்லா பொம்மை ஒன்று இருக்கிறது. 2019-இன் நடுப்பகுதியில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையிலுள்ள விருங்கா தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தபோது, அதன் தலைமையகமான ருமங்காபோவில் அதை வாங்கினேன். பணியின்போது கொல்லப்பட்ட வனக்காவலர்களின் மனைவியர் அமர்ந்து தைக்கும் ஓர் அறை அங்கே இருந்தது. பொம்மை அந்த அறையில் பிறந்தது. தங்குமிடம், உணவு, வழிகாட்டல், கொரில்லாக்களைக் கண்ட ஒரு மணி நேரம் ஆகியவற்றைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது என்றாலும், இந்த மதிப்புரையின் பெரும்பகுதியைக் காவலர்களுக்கும் அவர்களது வீட்டாருக்குமே ஒதுக்குகிறேன். விருங்காவுக்குப் போகும் பயணி பணம் கொடுத்துப் பெறுவது முதன்மையாக அவர்களுடைய காவலைத்தான்.

1925-இல் நிறுவப்பட்ட இந்தப் பூங்காவே ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 7,800 சதுர கிலோமீட்டர் பரப்பில், ருவாண்டா, உகாண்டா எல்லைகளை ஒட்டி, எரிமலை, மழைக்காடு, புல்வெளி, பனிமுடி அத்தனையும் கொண்டு நீண்டு கிடக்கிறது. 1979-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1994-இல், ருவாண்டா இனப்படுகொலையை அடுத்து அகதிகளும் ஆயுதக்குழுக்களும் எல்லை தாண்டி வந்த ஆண்டில், அபாயத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்ந்து, இன்றுவரை அதிலிருந்து மீளவில்லை. பூங்காவைக் காக்கும் பணியில் இதுவரை இறந்த காவலர்கள் 200-க்கும் மேல்.

நான் போன காலத்தில் கொரில்லாக்களைக் காணும் அனுமதிச் சீட்டு 400 அமெரிக்க டாலர். எல்லைக்கு அப்பால் ருவாண்டாவில் அதே மலைத்தொடரின் கொரில்லாக்களைக் காண 1,500 டாலர். இந்த வேறுபாட்டை மட்டும் பார்த்து விருங்காவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, அது ஏன் குறைவு என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். நான் முதலில் அணுகிய பயண முகவர் ஒருவர், பாதுகாப்பைப் பற்றிக் கேட்டபோது, "இப்போது எல்லாம் சரியாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சரியாகிவிட்டது என்று அவர் சொன்ன அந்த இடத்தில், ஓராண்டுக்கு முன்னால், 2018 மே 11 அன்று, பயணிகளை அழைத்துச் சென்ற வண்டி மறிக்கப்பட்டு, ரேச்சல் மசிகா பராகா என்ற 25 வயதுக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கடத்தப்பட்ட பிரித்தானியப் பயணியர் இருவரும் ஓட்டுநரும் இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 9 அன்று, இன்னொரு தாக்குதலில் ஐந்து காவலர்களும் ஓர் ஓட்டுநரும் இறந்திருந்தார்கள். பூங்கா பயணச் சேவையை நிறுத்திவைத்து, 2019 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. முகவரை விட்டு நேரடியாகப் பூங்கா அலுவலகத்துக்கே எழுதியபோது இவை எதையும் மறைக்காமல் தெரிவித்தார்கள். சேவையின் முதல் நற்குணமாக அந்த நேர்மையையே குறிப்பிடுவேன்.

எல்லைச் சாவடியைக் கடந்து கோமா நகருக்குள் நுழைந்தபோது பூங்காவின் ஆட்கள் காத்திருந்தார்கள். அங்கிருந்து வடக்கே ருமங்காபோவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முன்னும் பின்னும் ஆயுதம் தாங்கிய காவலர்களின் வண்டிகள், நடுவே பயணிகளின் வண்டி. எங்கள் வரிசை குறித்த நேரத்தில் புறப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வெயிலில் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்தபடி இருந்தார். காவலர்களின் தலைவர் கையிலிருந்த வானொலிக் கருவியைக் காதருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் குரலுக்குச் சுருக்கமாக விடை சொல்லிக்கொண்டிருந்தார். என்னுடன் வந்தவர்களில் சிலர் பொறுமையிழந்தார்கள். பிறகுதான் விளக்கினார்கள்: முன்னால் சென்ற சுற்றுக்காவல் சாலையைப் பார்த்துத் தகவல் சொல்லும்வரை பயணி வண்டி நகரக் கூடாது. அந்தத் தாமதத்தைக் குறையாக எழுதிச் சென்ற சில மதிப்புரைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நாம் அங்கே நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில், நமக்கு முன்பாக அந்தச் சாலையில் யாரோ ஒருவருடைய மகன் போய்க்கொண்டிருக்கிறான்.

தங்குமிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மிக்கேனோ விடுதி மரங்களுக்கு நடுவே கல்லும் கூரைப்புல்லுமாகக் கட்டப்பட்டது. தூய்மையானது, அமைதியானது, உணவு நன்றாக இருந்தது.

மலையேற்றம் புகிமா என்ற இடத்திலிருந்து தொடங்கியது. வயல்களைக் கடந்து மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி வெட்டுக்கத்தியால் கொடிகளை விலக்கிக்கொண்டே போனார். கொரில்லாக்களை நெருங்குமுன் எல்லோருக்கும் முகக்கவசம் தந்தார்கள்; பெருந்தொற்றுக்கு முன்பே அங்கே அது கட்டாயம், ஏனென்றால் நம்முடைய சாதாரணச் சளியே அவற்றைக் கொல்லக்கூடும். ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி, அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது. வழிகாட்டி தொண்டைக்குள்ளிருந்து ஒரு தணிந்த உறுமலை எழுப்பினார். நாங்கள் தீங்கு செய்ய வரவில்லை என்று அவற்றின் மொழியில் சொல்வது. சற்றுத் தள்ளி வெள்ளிமுதுகு கொண்ட முதிர்ந்த ஆண் கொரில்லா ஒன்று செலரிபோன்ற தண்டை உரித்துத் தின்றுகொண்டே எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உலகம் முழுவதும் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சமே இருப்பதாகக் கடைசிக் கணக்கெடுப்புகள் கூறின. அந்த எண்ணிக்கை சில நூறுகளிலிருந்து இந்த அளவுக்கு உயர்ந்தது, போர் நடந்த ஆண்டுகளிலும் காவலர்கள் பணியைக் கைவிடாததால்.

ருமங்காபோவில், தாயை இழந்த கொரில்லாக் குட்டிகளை வளர்க்கும் சென்குவேக்குவே மையத்தையும் பார்த்தோம். 2007-இல் கொரில்லாக் குடும்பங்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தாயின் உடலைப் பற்றிக்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டியாக மீட்கப்பட்ட ந்தகாசி அப்போது அங்கே இருந்தாள். 2021 செப்டம்பரில், தன்னைக் குட்டியிலிருந்து வளர்த்த ஆந்திரே பவுமாவின் மார்பில் தலைசாய்த்தபடியே அவள் இறந்தாள். அந்தக் குட்டிகளோடு இரவும் பகலும் கிடந்து வளர்த்த பராமரிப்பாளர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு என்பது படங்களைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இனித் தையல் அறை. நீளமான, சன்னல் வெளிச்சம் நன்றாக விழும் ஓர் அறை. சுவரோரம் வெட்டிய துணித்துண்டுகள், ஒரு மூலையில் பஞ்சு மூட்டை, தையல் இயந்திரங்களின் ஓயாத ஓசை. மூத்த பெண்களை அங்கே சுவாஹிலி மொழியில் 'மாமா' என்று அழைக்கிறார்கள்; அம்மா என்று பொருள். நான் பார்த்துக்கொண்டிருந்த மாமா, பொம்மையின் கையைத் தோளோடு பொருத்தி இருமுறை தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்து, ஒரு குழந்தை இழுப்பதைவிடப் பலமாக, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை. அதன் பிறகே பொம்மையை என் கையில் வைத்தார். வழிகாட்டி மொழிபெயர்க்க, அவருக்கு நான்கு பிள்ளைகள் என்றும், மூத்தவன் காவலர் வேலைக்குப் போக விரும்புகிறான் என்றும் தெரிந்துகொண்டேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை; "அவனுடைய அப்பாவிடமும் நான் எதுவும் சொல்லவில்லை" என்றார்.

பொருளாகப் பார்த்தாலும் அந்தப் பொம்மை மிக நல்ல வேலைப்பாடு. முகத்தின் சுருக்கம், நெற்றியின் மேடு, உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாம் கொரில்லாவை நாள்தோறும் அருகில் கண்டு வாழ்கிறவர்களின் கைக்கே வரும். இரக்கப்பட்டு வாங்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒரு நல்ல பொம்மை தேவை என்ற காரணத்துக்காகவே வாங்கலாம்.

காவலர்களின் குடும்பங்கள் போருக்கு வெளியே வாழ்கிறவர்கள் அல்லர். குடியிருப்பே தலைமையகத்தில் இருக்கிறது. தலைமையகமோ ராணுவ முகாமுக்கு அருகில், பெருஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு முறை சண்டை மூளும்போதும் அது வாசலுக்கே வந்துவிடுகிறது. 2008 அக்டோபரில் கிளர்ச்சித் தலைவர் லோரன் ந்குண்டாவின் படை ருமங்காபோவைக் கைப்பற்றியபோது, காவலர்கள் காட்டுக்குள் தப்பி, நாள்கணக்கில் நடந்து கோமாவை அடைந்தார்கள். மனைவியரும் பிள்ளைகளும் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் தார்ப்பாய்க்குக் கீழே காத்திருந்தார்கள். 2012-இல் எம்-23 என்ற ஆயுதக்குழுவின் கிளர்ச்சி தொடங்கியபோது மறுபடியும் அதே சாலை, அதே மூட்டைகள். கணவன் பணியிடத்தைவிட்டு வர முடியாது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எப்போது சந்திப்போம் என்று இருவருக்கும் தெரியாது.

ஏன் இவர்களைக் கொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, அடுப்பைக் காட்டினால் போதும். கோமா நகரின் வீடுகள் பெரும்பாலும் மரக்கரியில்தான் சமைக்கின்றன. சுவாஹிலியில் அதை மகலா என்பார்கள். பூங்காவின் பழைய மரங்களை வெட்டி மூட்டம் போட்டால் நல்ல கரி கிடைக்கும். அந்த வணிகத்தில் ஆண்டுக்குப் பல கோடி டாலர் புழங்குகிறது. அதில் வரி பிடுங்கியே ஆயுதக்குழுக்கள் வாழ்கின்றன. 2007-இல் கொரில்லாக்கள் கொல்லப்பட்டதன் பின்னணியிலும் கரி வணிகமே இருந்தது. கரிமூட்டத்தைக் கலைக்கும் காவலரோ பெரும்பாலும் அதே வட்டாரத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர். ஆகவே அவர் சீருடையைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போகும்போதும், அவருடைய மனைவி சந்தைக்குப் போகும்போதும், அந்தப் பகை கூடவே போகிறது.

நான் திரும்பி வந்த மறு ஆண்டு, 2020 ஏப்ரல் 24 அன்று, ருமங்காபோவுக்கு அருகில் நடந்த தாக்குதலில் 12 காவலர்களும் ஓர் ஓட்டுநரும் பொதுமக்கள் நால்வரும் கொல்லப்பட்டார்கள். காவலர்கள் தலைமையகத்துக்குத் திரும்பும் வழியில், தாக்குதலுக்குள்ளான ஒரு பொதுமக்கள் வண்டியைக் கண்டு அதில் சிக்கிக்கொண்டார்கள். எஃப்.டி.எல்.ஆர். என்ற ருவாண்டா ஆயுதக்குழுவைப் பூங்கா குற்றம் சாட்டியது. அந்தக் குழு மறுத்தது. அடுத்த ஜனவரியில் மேலும் ஆறு காவலர்கள் இறந்தார்கள். ஏப்ரல் செய்தியைப் படித்த அன்று, எங்கள் வண்டிக்கு முன்னால் சென்ற காவலர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தகரக் குவளையில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த மெலிந்த இளைஞர் ஒருவர் இருந்தார். கொரில்லாக்களின் பெயரையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வந்த நான், அவருடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை. இறந்தவர்களின் பட்டியலில் அவரைத் தேட எனக்கு வழியே இல்லாமல் போனது.

நீங்கள் இப்போது இந்தப் பயணத்தை மேற்கொள்ள முடியாது. 2022-இல் எம்-23 படை ருமங்காபோவைப் பிடித்தது. 2025 ஜனவரியில் கோமா நகரும் அதன் கைக்குப் போனது. கொரில்லாப் பகுதிக்கான பயணத்தைப் பற்றி யாராவது முகவர் உறுதி சொன்னால், பூங்கா அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். எட்ட இருந்து செய்யக்கூடியவை சில உண்டு. இறந்த காவலர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உதவுவதற்கென்று பூங்கா தனியாக ஒரு நிதி வைத்திருக்கிறது. நான் பயணத்துக்காகச் சேர்த்த தொகையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அதற்கு அனுப்புகிறேன். பூங்காவே நடத்தும் நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தில் இயங்கும் ஆலையின் சாக்லேட்டும் வெளிநாடுகளில் விற்கிறது. கறுப்புச் சாக்லேட் ஒன்றை வாங்கிச் சுவைத்தேன். சற்றே புளிப்பும் பழவாசனையும் கலந்த, இனிப்பு குறைவான, நாவில் மெதுவாகக் கரையும் சாக்லேட். பாலும் சர்க்கரையும் மிகுந்ததை விரும்புபவர்களுக்கு முதல் துண்டில் பிடிக்காமல் போகலாம்.

பொம்மை இப்போது என் அண்ணன் மகளின் கைக்கும் அடிக்கடி போய்வருகிறது. கையைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டே வீடு முழுவதும் நடப்பாள். வயிற்றுப் பக்கத்தில் துணி சற்று நைந்திருக்கிறது. இடது காதோரம் கறை ஒன்று படிந்திருக்கிறது. தோளில் அந்த மாமா போட்ட இரட்டைத் தையல் ஓர் இழைகூடப் பிரியவில்லை.