ஷோடோஷிமாவில் ஒரு வாடகைக் காரும் சிவப்பு மையில் ஐந்து வட்டங்களும்

ஷோடோஷிமா தீவின் தொனோஷோ துறைமுகத்தில் ஃபெரியை விட்டு இறங்கி, ஒலிவ் இலைகளைக் கோத்த மாதிரி நிற்கும் பெரிய தங்க நிற வளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த வாடகைக் கார் கடை. வாசலில் ஏழெட்டு சின்னக் கார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு ஹீட்டர், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். எங்கள் ஜப்பான் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கடையைத்தான் சொல்வேன்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஜப்பான் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஷோடோஷிமா என்றால் அவர்களுக்கும் தெரியவில்லை. ககாவா மாகாணத்தைச் சேர்ந்த தீவு அது. செட்டோ உள்கடலில் அவாஜிக்கு அடுத்த பெரிய தீவு, சுமார் 153 சதுர கிலோமீட்டர். தகாமட்சுவிலிருந்து ஃபெரியில் ஒரு மணி நேரம். தம்பி ஒசாக்காவில் வேலை செய்கிறான். போன நவம்பர் கடைசியில் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "அக்கா, அம்மாவுக்குக் கூட்டம் சரிவராது, தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அவன்தான் காரையும் போனில் பதிந்து தந்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் மட்டும் போனோம்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த நடையை நினைத்தே போகாமல் இருந்துவிட்டார். தீவில் பஸ் இருக்கிறது. ஆனால் அடிக்கடி வராது, மலை மேலே காட்சி பார்க்கும் இடங்களில் பலவற்றுக்குப் போகவும் போகாது. கார்தான் வழி.

கார் ஓட்ட எனக்குப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. கடைப் பெரியவர் தந்தது ஒரு சுசுகி வகன் ஆர். கொழும்பில் காலி வீதியில் நான் தினமும் ஓட்டுகிற அதே கார், 660 சிசி. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. ஜப்பானிலிருந்து இறக்கிய கார் வைத்திருக்கும் கொழும்புக்காரர் எல்லோருக்கும் தெரிந்த குரல். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று அது நினைவூட்டுகிறது என்பதைத் தம்பி பிறகு சொல்லித்தான் அறிந்தேன். அம்மா, "இது எங்கட கார்தானே பிள்ளை" என்றார். பாதிப் பயம் அதோடு போயிற்று. மீதி, வீதியில் ஏறியதும் போயிற்று. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான். இலங்கை 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருப்பதால் நம் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஜப்பானில் செல்லும். கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போய் எடுக்க முடியாது.

இனி அந்த வரைபடம். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு, பெரியவர் தீவின் தாள் வரைபடம் ஒன்றை விரித்தார். தீவு ஒரு மாட்டின் வடிவில் இருக்கிறது. அம்மாவின் கைத்தடியைப் பார்த்தார், முழங்காலைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "எத்தனை படி ஏறுவார்?" நான் பத்து விரலையும் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்து வட்டம் போட்டு இலக்கமிட்டார். ஐந்தாவதற்குப் பக்கத்தில் மட்டும் படிக்கட்டு ஒன்று வரைந்து, அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார், வேண்டாம் என்று. இவ்வளவு அக்கறையாக யாரும் எங்களுக்கு வழி சொன்னதில்லை.

முதல் வட்டம் ஏஞ்சல் ரோட். நாளுக்கு இரண்டு தடவை கடல் வற்றும்போது மணல் திட்டு தெரிந்து எதிரே உள்ள குட்டித் தீவுகளுக்கு நடந்து போகலாம். எல்லோரும் போகிற இடம், நாங்கள் போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. நேரம் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது நகயாமா. மலைச்சரிவில் சுமார் 800 துண்டு வயல்கள். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. பசுமை இருக்கும்போதுதான் அழகு என்று நான் நினைத்தேன். அம்மா மாறாகச் சொன்னார். தாள் நிற்கும்போதுதான் வரம்பு ஒவ்வொன்றும் எப்படி வளைகிறது என்று தெரியுமாம். வட்டுக்கோட்டையில் வயலோடு வளர்ந்தவர். "இந்தத் துண்டுக்குள்ள மாட்டை எப்படித் திருப்பினாங்களோ" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அரை மணி நேரத்தில் வேறு ஒருவரும் வரவில்லை.

மூன்றாவது ஷிஹோசாஷி. இந்த விமர்சனத்தை எழுதியதே இதற்காக என்று சொல்லலாம். வளைவு வளைவாக ஏறும் பாதை, ஓரத்தில் குரங்குகள். 777 மீட்டர் உயரம். காரை நிறுத்திய இடத்திலிருந்து காட்சி மேடை கிட்டத்தான், அம்மா கைத்தடியோடு தானாகவே நடந்தார். பெயரே நான்கு திசையையும் காட்டுவது என்ற பொருளில்தான். கீழே உச்சினோமி விரிகுடா, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஷிகோகு என்ற பெரிய தீவின் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போயின. இடையில் சின்னச் சின்னத் தீவுகள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நயினாதீவுக்குப் போகேக்க தெரியிற தீவுகள் கடலோட படுத்திருக்கும். இதுகள் எழும்பி நிக்குதுகள்" என்றார். எனக்கு உலக முடிவு நினைவுக்கு வந்தது. அம்மா தன் வாழ்நாளில் இவ்வளவு உயரத்திலிருந்து கடலைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அங்கிருந்து கிட்டத்தான் புகழ்பெற்ற கன்காகெய் பள்ளத்தாக்கு. பெரியவர் அதற்கு வட்டமே போடவில்லை, எப்படியும் போவீர்கள் என்று நினைத்திருப்பார். போனோம். இலைகள் சிவந்திருந்தன, பாறைகள் கோபுரம் மாதிரி நிற்கின்றன, அழகில் குறையே இல்லை. ஆனால் ரோப்வேக்கு நீண்ட வரிசை. அவ்வளவு நேரம் அம்மாவால் நிற்க முடியாது. மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கினோம்.

கீழே சோமென் நூடில்ஸ் சாப்பிட்டோம், தீவிலேயே செய்வது, நம் இடியப்பத்தை விட மெல்லிசு. பிறகு நான்காவது வட்டம்: மாட்டின் கால் போலத் தெற்கே நீளும் மிட்டோ மூவலந்தீவின் முனை, ஜிசோசாகி கலங்கரை விளக்கம். காற்று, பைன் மரம், எதிரே ஷிகோகு. நடுவில் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. காலிமுகத்திடலில் கப்பல்கள் தொடுவானத்தில் அசையாமல் நிற்கும். இங்கே பெயரை வாசிக்கலாம் போல அத்தனை கிட்ட.

ஐந்தாவது வட்டமான கசனெஇவாவை மட்டும் நான் தனியாக ஏறினேன், அம்மா காரில் இருந்தார். ஒடுக்கமான பாதை, பிறகு செங்குத்தான படிகள். பெரியவர் வேண்டாம் என்றது சரி. மேலே ஒரு சிறிய கோயில், அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ராட்சதப் பாறைகள். 1620களில் ஒசாக்கா கோட்டையைத் திரும்பக் கட்டியபோது இந்தத் தீவிலிருந்தும் கல் போனது. இரண்டு நாளுக்கு முன் தம்பியோடு தொட்டுப் பார்த்த அந்த மதில் கற்கள் இந்த மாதிரிப் பாறைகளாக இருந்தவைதான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மேற்கே கடல் முழுக்கத் தீவுகள், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் ஒரே குறை. காரை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஐந்துக்குச் சற்று முன்தான் மறைகிறது. பெட்ரோலும் நிரப்ப வேண்டும். அதனால் அந்தி பார்க்காமலே இறங்கி ஓடினேன். பதியும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு நாளுக்கு எடுங்கள். எங்களுக்கு ஒரு நாள் வாடகை 7000 யென்னுக்குச் சற்றுக் குறைவு.

சாவியைக் கொடுத்தபோது பெரியவர் வரைபடத்தை விரித்து, எது நன்றாக இருந்தது என்று கையால் கேட்டார். அம்மா மூன்றாவது வட்டத்தில் விரலை வைத்தார். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், தனக்கும் அதுதான் என்று. வரைபடத்தை மடித்து அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது எங்கள் வீட்டுச் சாமியறை அலமாரியில் இருக்கிறது. போகிறவர்கள் வந்தால் பிரதி எடுத்துத் தருகிறேன்.