டி.யு.ஆர்.பி.யா, ஹோலெப்பா: புராஸ்டேட் வீக்கத்துக்கு எந்த அறுவைச் சிகிச்சை?

புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியவருக்கு மாத்திரைகள் பலன் தராதபோது, இன்று பெரும்பாலும் இரண்டு அறுவைச் சிகிச்சைகளே முன்வைக்கப்படுகின்றன. மின்வளையத்தால் திசுவைச் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுப்பது டி.யு.ஆர்.பி.; ஹோல்மியம் லேசரால் வீங்கிய பகுதியை மொத்தமாகப் பெயர்த்தெடுப்பது ஹோலெப். இரண்டிலும் கருவி சிறுநீர்த்தாரை வழியாகவே செல்கிறது. வயிற்றில் கீறல் இல்லை. இவற்றுள் எது புதியது என்பதைவிட, வீக்கம் சுரப்பியின் எந்தப் பகுதியில் தொடங்கி எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

புராஸ்டேட் சுரப்பியைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க நோயியலாளர் ஜான் மெக்நீல். சிறுநீர்த்தாரையை ஒட்டியிருக்கும் இடைநிலை மண்டலம் இளமையில் சுரப்பியின் 5 முதல் 10 விழுக்காடு அளவே இருக்கும். முதுமையின் சாதாரண வீக்கம் அங்கேதான் தொடங்குகிறது. புராஸ்டேட் புற்றுநோய் வருபவர்களிலோ, பத்தில் ஏழு பேருக்கு அது சுரப்பியின் வெளிப்பகுதியான புற மண்டலத்தில் உருவாகிறது. இணைப்புத்திசுச் செல்களில் உள்ள 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமிக்க டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அதன் தூண்டுதலால் வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் அருகிலுள்ள சுரப்புச் செல்களையும் பெருகச் செய்கின்றன. இப்படி உருவாகும் முடிச்சுகள் பெருகப் பெருக, புற மண்டலம் நசுங்கி ஓர் உறைபோல ஆகிவிடுகிறது. முடிச்சுத் திரளுக்கும் அந்த உறைக்கும் நடுவே உருவாகும் பிரிதளம்தான் இந்த ஒப்பீட்டின் மையம்.

டி.யு.ஆர்.பி. அந்தத் தளத்தைத் தேடிச் செல்வதில்லை. உள்ளிருந்து வெளிநோக்கிச் செதுக்கிக்கொண்டே போய், சிறுநீர் தாராளமாகப் போகும் அளவுக்கு வழி திறந்ததும் நிறுத்திக்கொள்கிறது. 30 முதல் 80 மில்லிலிட்டர் வரையுள்ள சுரப்பிக்கு இது இன்றும் நம்பகமான சிகிச்சை; சிறுநீரக அறுவை மருத்துவர்கள் அனைவரும் பயிற்சியிலேயே கற்கும் முறை என்பதால் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது. சுரப்பி பெரிதாக இருந்தால்தான் சிக்கல். செதுக்கும் நேரம் நீள்கிறது, இரத்த இழப்பு கூடுகிறது. பழைய ஒற்றைமுனை மின்கருவியோடு அறுவையிடத்தைக் கழுவப் பயன்படும் கிளைசின் கரைசல் இரத்தத்தில் கலந்து சோடியத்தை அபாயகரமாகக் குறைக்கவும் கூடும். உப்புநீரில் இயங்கும் இருமுனைக் கருவி இந்தக் கடைசி ஆபத்தை ஏறக்குறைய நீக்கிவிட்டது. உங்கள் மருத்துவமனையில் எது உள்ளது என்று கேட்டறிவது நல்லது.

ஹோலெப் அந்தப் பிரிதளத்திலேயே நகர்கிறது. நியூசிலாந்தின் தௌரங்கா நகரைச் சேர்ந்த பீட்டர் கில்லிங் 1990-களில் இதை உருவாக்கினார். லேசர் திசுவுக்குள் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் ஆழமே இறங்குவதால், வெட்டும்போதே இரத்தக்குழாய்களும் அடைபடுகின்றன. கமலா ஆரஞ்சின் தோலிலிருந்து சுளையைப் பிரிப்பதுபோல வீங்கிய மடல்கள் உறையிலிருந்து விடுபட்டுச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளப்படுகின்றன. பிறகு சுழலும் கத்தியுள்ள கருவி அவற்றைத் துண்டாக்கி உறிஞ்சி வெளியேற்றுகிறது. இந்திய மருத்துவப் பணியில் இருந்து ஓய்வுபெற்று லண்டன் சென்ற பீட்டர் ஃப்ரேயர் 1900-இல் வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பை வழியாக விரலால் பெயர்த்தெடுத்ததும் இதே தளத்தில்தான். சுரப்பி 100 மில்லிலிட்டரைத் தாண்டினாலும் ஹோலெப்புக்குத் தடையில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும் இதுவே கூடுதல் பாதுகாப்பானது. கில்லிங் குழுவின் ஏழாண்டுத் தொடர்கண்காணிப்பில், டி.யு.ஆர்.பி. செய்துகொண்ட 17 பேரில் 3 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. ஹோலெப் செய்துகொண்ட 14 பேரில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் வளரும் திசு முழுவதும் அகற்றப்பட்டால் மீண்டும் வளர எஞ்சுவது குறைவு என்னும் உயிரியல் தர்க்கத்தோடு அது ஒத்துப்போகிறது.

ஹோலெப்பின் பலவீனம் அதைக் கற்பதில் உள்ள கடினம். தளத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் தேர்ச்சிக்குக் குறைந்தது 25 முதல் 50 அறுவைகளாவது தேவை என்பர். சுரப்பியின் நுனியில், சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசைக்கு மிக அருகே வேலை செய்ய வேண்டியிருப்பதால், இருமினாலோ எழுந்தாலோ சிறுநீர் கசியும் தொல்லை முதல் சில வாரங்களில் சிலருக்கு இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் செல்வது இரு முறைகளிலும் பெரும்பாலோருக்கு நேர்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் அறுவைக்கு அழைத்துச் செல்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

எனவே 50 மில்லிலிட்டர் சுரப்பியும், டி.யு.ஆர்.பி.யில் கைதேர்ந்த மருத்துவரும் அமைந்தவர், லேசருக்காக வெளியூர் அலைய வேண்டியதில்லை. 90 மில்லிலிட்டர் சுரப்பி உள்ளவர், ஹோலெப்பை வழக்கமாகச் செய்யும் மையத்தைத் தேடிச் செல்வதில் பொருளுண்டு. எதைத் தேர்ந்தாலும் புற மண்டலம் உடலிலேயே இருக்கிறது; புற்றுநோய்க்கான வாய்ப்பும் அதனோடு இருக்கிறது. ஹோலெப்புக்குப் பின் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும், இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் புரதம்) அளவு வெகுவாகக் குறைந்துவிடுவதால், அந்தக் குறைந்த அளவையே புதிய அடிப்படையாகக் குறித்துவைத்து, பின்னர் அதிலிருந்து ஏற்படும் தொடர் உயர்வை, வழக்கமான வரம்புக்குள் இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.