திருத்தம் தெரிய பிரிண்ட் எடுக்க: வேர்டா, லிப்ரே ஆபீஸா?

நெறியாளர் போட்ட திருத்தமும் கமெண்டும் தெரிய ஆய்வேட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும். சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் பிரிண்ட் பக்கத்தில் 'பிரிண்ட் மார்க்கப்' டிக் இல்லாமல் இருந்தால் வருவது திருத்தமும் கமெண்டும் தெரியாத பக்கம்தான்.

வேர்டில் டிக் இருந்தாலும் இன்னொரு தொல்லை. கமெண்ட்டுகள் ஓரத்தில் பலூனாக வரும், அதற்கு இடம்விட்டு பக்கமே சுருங்கும். தமிழில் நம் திருத்தம் பாதி சந்திதான். ஒரு 'ப்' சேர்ப்பது, ஒரு 'க்' எடுப்பது. சுருங்கிய எழுத்தில், அதுவும் கறுப்பு வெள்ளையில், ஒற்றின் மேல் விழுந்த கோடு மை தீற்றியதுபோலத்தான் தெரியும். சேர்த்த எழுத்தின் அடிக்கோடோ 'து', 'மு' இவற்றின் காலோடு ஒட்டிக்கொள்ளும். ட்ராக்கிங் ஆப்ஷன்ஸில் போய், சேர்த்ததைத் தடித்த எழுத்தாக மாற்றிவிட்டால் அடிக்கோட்டுத் தொல்லை தீரும். வேர்டு போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் இந்த வசதி உண்டு.

'லிஸ்ட் ஆஃப் மார்க்கப்' என்று வேர்டில் ஒன்று இருக்கிறது. திருத்தங்களைப் பட்டியலாகத் தரும். சுற்றியுள்ள வாக்கியம் இல்லாமல் அதைத் தனியாக வைத்து என்ன படிப்பது? மூலத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஆகும்.

கமெண்ட் விஷயத்தில் லிப்ரே ஆபீஸ்தான் கெட்டி. ஓரத்தில், ஒவ்வொரு பக்கத்துக்குப் பின், கடைசியில் மொத்தமாக, கமெண்ட் மட்டும் தனியாக என்று பிரிண்ட் பக்கத்திலேயே கேட்கும். கடைசியில் மொத்தமாக எடுத்தால் எழுத்து சுருங்காது. காசும் இல்லை. ஆனால் நெறியாளர் வேர்டில் அனுப்பிய கோப்பை இதில் திறந்தால் எழுத்துரு மாறி பக்கம் நகர்ந்துவிடலாம். அவர் 'நாற்பத்தேழாம் பக்கம்' என்றால் நமக்கு அது நாற்பத்தெட்டாக இருக்கும்.

கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் வேர்டு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் போட்ட யோசனைகள் (சஜஷன்ஸ்) வேர்டின் 'ட்ராக் சேஞ்சஸ்' என்ற திருத்தக் குறிகளாக வந்துவிடும். அப்புறம் மேலே சொன்னதுதான்.

என் தேர்வு: திருத்தம் அதிகம் என்றால் வேர்டு, கமெண்ட் அதிகம் என்றால் லிப்ரே. எதுவானாலும் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம். வேர்டில் பிடிஎஃப் ஆக்கும்போது ஆப்ஷன்ஸில் 'டாக்குமெண்ட் ஷோயிங் மார்க்கப்' தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரேயில் கமெண்ட்டைப் பிடிஎஃப் குறிப்பாகச் சேர்த்தால் அது திரைக்குத்தான் ஆகும். தாளுக்கு என்றால் 'ஓரத்தில்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டில் இருக்கும் பெரியவர் யாருக்காவது கொண்டுபோவதாக இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் கடையிலேயே ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.