‘கேம்ஸ்’ என்று ஒரு டிக்: பல்கலைக்கழக வைஃபையின் வெப் ஃபில்டர் எப்படி?

ஃபயர்வாலோடு (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் கண்காணிக்கும் காவலன்) சந்தாவாக வரும் வெப் ஃபில்டர்களில் ‘கேம்ஸ்’ என்று ஒரு வகை இருக்கும். நிர்வாகி அதில் ஒரு டிக் போட்டால் போதும், அந்தப் பட்டியலில் உள்ள தளங்கள் வளாகம் முழுக்க மூடிக்கொள்ளும். அமைப்பது சுலபம் என்பதைத் தவிர இதில் பாராட்ட அதிகம் இல்லை. ஐந்துக்கு இரண்டு.

பெரிய குறை பட்டியலில்தான். சதுரங்கத் தளங்கள்கூடப் பல சமயம் இதே வகையில் சிக்கிக்கொள்கின்றன. ஆட்டங்களை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினை விண்டோஸில் வழக்கமாக எபிக் கேம்ஸ் லாஞ்சர் வழியாகத்தான் இறக்குவார்கள். வகை பூட்டப்பட்டால் கேம் டிசைன் ஆய்வகமும் சேர்ந்தே முடங்கும். விதிவிலக்குப் பட்டியலில் முதன்மை டொமைனை மட்டும் சேர்த்தாலும் வேலை முடிவதில்லை. லாஞ்சர் திறக்கும், லாகின் ஆகும், டவுன்லோடு மட்டும் 0%-இலேயே நிற்கும். கோப்புகள் வேறு டொமைனிலிருந்து வருவதுதான் காரணம். ஃபயர்வால் லாக்கில் (பதிவேட்டில்) அந்த நேரத்தில் மறுக்கப்பட்ட பெயர்களைப் பார்த்து அவற்றையும் சேர்க்க வேண்டும்.

தடை அறிவிப்பும் சரியாக வருவதில்லை. எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) தளங்களில் ‘இது தடுக்கப்பட்டது’ என்ற பக்கத்துக்குப் பதிலாகச் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது. எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பை மட்டுமே ஏற்கச் சொல்லும் விதி) உள்ள தளமென்றால் அதைத் தாண்டிப் போகும் பொத்தானும் இருக்காது. மாணவர் வைஃபை கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

தடை எங்கே என்று கண்டுபிடிக்க கமாண்ட் பிராம்ப்டில் ‘என்எஸ்லுக்அப்’ (nslookup) கொடுத்து, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரை அடியுங்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு தளங்களுக்கு ஒரே உள் ஐபி முகவரி வந்தால் டிஎன்எஸ்-இல் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவையில்) தடை. முகவரி சரியாக வந்து, பிரவுசர் உடனே ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்றால் ஃபயர்வால் இணைப்பு தொடங்கும்போதே தளத்தின் பெயரைப் படித்து வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். தளம் திறந்து, ஆட்டம் மட்டும் சர்வரைப் பிடிக்காவிட்டால் போர்ட்டை, அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசலைப் பாருங்கள் (யுடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்): எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074, மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565. வெப் ஃபில்டரில் எத்தனை விதிவிலக்கு கொடுத்தாலும் போர்ட் திறக்காது. அது தனி விதி.

தடையைத் தாண்ட விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வசதி) வேண்டாம். பிங் (சர்வரிடமிருந்து பதில் வர ஆகும் நேரம்) ஏறும், பயன்பாட்டு விதியை மீறியதாகக் கணக்கும் முடங்கலாம்.

நெட் வேகத்தைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆன்லைனில் ஆடுவதற்கு மணிக்கு சில நூறு எம்பிக்குள்தான் செலவாகும். 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிபி. உண்மையில் குழாயை அடைப்பது டவுன்லோடு: 100 ஜிபி ஆட்டம் ஒன்று 100 எம்பிபிஎஸ் இணைப்பை இரண்டேகால் மணி நேரம் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து, கேம் டவுன்லோடுக்குப் பகலில் வேக வரம்பு வைத்து இரவில் தளர்த்துவது. லேன்கேஷ் என்ற திறமூல மென்பொருளை ஒரு சர்வரில் போட்டால், முதல் ஆள் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து இறக்கிய கோப்பு அடுத்தவர்களுக்கு வளாகத்துக்குள்ளிருந்தே கிடைக்கும். ஸ்டீமிலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு லோக்கல் நெட்வொர்க்கில் ஆட்டத்தை மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் வைஃபையில் ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ போட்டிருந்தால் இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்காது. பல வளாகங்களில் அது போட்டுத்தான் இருக்கும், பாதுகாப்புக்கு அது தேவையும்கூட.

பாடத்துக்குத் தேவையான தளம் தவறாகப் பூட்டப்பட்டிருந்தால் ஐடி பிரிவுக்கு எழுதும்போது தளத்தின் முழு முகவரி, தடுக்கப்பட்ட தேதி, நிமிடம் வரை நேரம், கணினியின் ஐபி, பாடக் குறியீடு ஆகியவற்றைக் கொடுங்கள். நேரமும் ஐபியும் இருந்தால் லாக்கில் அந்த வரியைத் தேடி எடுப்பது எளிது. ‘கேம் தளம் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் அப்படியே கிடக்கும்.