எச்சரிக்கை: 'பி.எஸ்.ஏ. .315' என்று செட்டிநாட்டில் சுற்றிவரும் பழைய ரைஃபிள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கையால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) இழுத்துச் சுடும் பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று, "பெரிய வீட்டுச் சரக்கு, பி.எஸ்.ஏ. லீ-ஸ்பீட், .315 போர்" என்ற விளக்கத்தோடு கைபேசி கைபேசியாக வந்துகொண்டிருக்கிறது. பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் துப்பாக்கி நிறுவனம்; லீ-ஸ்பீட் அது தனியாருக்கு விற்ற வேட்டை ரைஃபிள்; போர் என்றால் குழலின் உள்ளளவு. அது லீ-ஸ்பீடும் இல்லை, .315-ம் இல்லை. ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்றுக்கு வேட்டைக்காரன் உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள். என்னுடைய நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் அதை விற்கும் கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கியவருக்கு ஜெயில் காத்திருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

வேட்டையாடவா வாங்கப் போனாய் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. ஐயா காலத்து இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் என் லைசென்ஸில் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது இடத்தில், கிளப்பில் குறி பார்த்துச் சுட ஒரு பழைய போல்ட் ரைஃபிள் வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அனுமதியும் வாங்கி வைத்திருந்தேன். இந்தச் சரக்கைக் கொண்டுவந்த தரகருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டில் நிலைக்கதவைக் கழற்றினால் மறுநாளே பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் தெரிந்துவிடுகிற ஊர் இது.

தரகர் பழம்பொருள் வியாபாரத்தில் ஊறியவர். பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், வீட்டைப் பற்றியே பேசுவார். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பமாம். ரங்கூனில் வெள்ளைக்காரன் கடையில் வாங்கிய துப்பாக்கியாம். யுத்தம் வந்தபோது கையோடு எடுத்து வந்தார்களாம். இத்தனை வருடம் பெட்டகசாலையில் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் கிடந்ததாம், பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது வெளியே வந்ததாம். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் உடுத்த துணியோடு வந்ததாகத்தான் எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான்கு கிலோ இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு அரக்கான் மலையைத் தாண்டிய செட்டியார் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் போகட்டும். லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும். பெட்டிக்குப் பின்னால் கிடந்தது என்று பெருமை பேசுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

முதலில் அவர், "கடை வேண்டாம் அண்ணே, வீட்டாரிடமே நேராக வாங்கிக்கொள்ளலாம், கமிஷன் மிச்சம்" என்றார். தனியார் ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்பதானால் கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுத்திருக்க வேண்டும், ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு என்று சொன்னேன். உடனே தடம் மாறினார். "அப்படியானால் சரக்கு இப்போது கடையில்தான் இருக்கிறது" என்றார். வெளியூரில் லைசென்ஸ் உள்ள ஒரு கடை. காலையில் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் இருந்த துப்பாக்கி மாலைக்குள் கடை ஏறிவிட்டது!

படங்கள் வந்தன. எல்லாம் இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. வால்நட் கட்டை பளபளத்தது, குழல்மேல் மடக்கு இலைக் குறிகாட்டிகள் நின்றன, பார்க்க அழகுதான். போல்ட் இருக்கும் வலப்பக்கத்தை அனுப்புங்கள் என்றேன். அதே படம் வேறு வெளிச்சத்தில் வந்தது, கூடவே ஒரு குரல் பதிவு: "சிலர் .318 என்பார்கள், .315 என்பார்கள், எல்லாம் ஒன்றுதான் அண்ணே." ஒன்றே இல்லை. .315 என்பது பழைய ஆஸ்திரிய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா; அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். .318 என்பது வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனம் 1910-இல் கொண்டுவந்தது; விளிம்பே கிடையாது, ரவையின் குறுக்களவும் வேறு. இதை ஒன்று என்பவரிடம் தோட்டாவும் வாங்கக்கூடாது, துப்பாக்கியும் வாங்கக்கூடாது.

சரக்கை ஒதுக்கி வைக்க முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்பத் தருவதாகக் கடைக்காரரே போனில் சொன்னார். ரசீதில் 'பி.எஸ்.ஏ. லீ-ஸ்பீட் .315 ரைஃபிள்' என்று தன் கையால் எழுதி முத்திரையும் வைத்து அனுப்பினார். அந்த ரசீதை இப்போது பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பார்க்கப் போனபோது உறவில் மாமா ஒருவரை அழைத்துப் போனேன். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டார்ச், ஓர் எஃகு ஸ்கேல், லேத்தில் கடைந்து வைத்திருந்த ஒரு பித்தளைக் குச்சி. அவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். கடைக்காரர் துப்பாக்கியை மேசைமேல் வைத்ததும் மாமா கட்டையைத் தடவவில்லை, குறிகாட்டியைப் பார்க்கவில்லை. போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு மேற்புறத்தைக் காட்டினார். போல்ட் ஓடும் பாதைக்குக் குறுக்கே ஒரு சிறிய இரும்புப் பாலம். சிப்பாய் ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து மேகசினுக்குள் தள்ளுவதற்கான வழி அது. துரைமார்கள் வேட்டைக்கு வாங்கிய லீ-ஸ்பீடில் பெரும்பாலும் அது இருக்காது. "சர்வீஸ் முழுக்க இதைத்தான் துடைத்தேன், மாப்பிள்ளை" என்று என் காதோடு சொன்னார்.

பாலம் ஒன்றை வைத்து முடிவுகட்ட முடியாது என்று அவரே சொன்னார். அடுத்து அவர் பார்த்த இடம்தான் முக்கியம். போல்ட் கைப்பிடிக்கு நேர் கீழே, பின்கட்டை வந்து செருகும் இரும்பு வளையம் ஒன்று உண்டு. ராணுவ லீ-என்ஃபீல்டுக்கு அதுதான் ஜாதகம். வலப்பக்கம் கிரீடம், அதன் கீழ் அரசர் பெயரின் முதலெழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாடல் எல்லாம் வரிசையாக அங்கே அடித்திருப்பார்கள். தனியார் விற்பனைக்கு பி.எஸ்.ஏ. செய்த துப்பாக்கியில் அந்தக் கிரீடம் இருக்காது. லீ, ஸ்பீட் இருவர் காப்புரிமையைக் குறிக்கும் 'லீ-ஸ்பீட் பேட்டன்ட்ஸ்' என்ற எழுத்து இருக்கும். மேசைமேல் இருந்ததில் இரண்டும் இல்லை, வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. மாமா ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்தார். நடுவில் வெளிச்சம் கசிந்தது. இரும்பு அங்கே குழிந்திருந்தது. பாத்திரத்தில் வெட்டிய குடும்ப விலாசத்தை அராவி எடுத்துவிட்டுக் கடையில் வைத்தால், தடவிப் பார்க்கிற விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படுமே, அப்படி. டார்ச்சைச் சாய்த்தபோது மேல் ஓரத்தில், அரம் எட்டாத இடத்தில், கிரீடத்தின் வளைவு மட்டும் நகக்கீற்று அளவுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. குழல்மேல் '.315' என்றும், மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய பி.எஸ்.ஏ. முத்திரையும் இருந்தன. குழலின் கறுப்புப் பூச்சு நூறு வயதானதுபோலத் தேய்ந்திருக்க, இந்த எழுத்துகளின் உட்புறம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஓரங்களில் பிசிறு விரலைக் கீறியது. அந்த மூன்று துப்பாக்கிகளும் மூன்று விறகுக்குச்சிகள். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தில் சோதனை முத்திரை இல்லாத குழலை விற்பதே குற்றம், 1868-ஆம் ஆண்டுச் சட்டம். பி.எஸ்.ஏ. தன் கடைச் சரக்கை அந்தச் சோதனை முத்திரைகள் இல்லாமல் வெளியே அனுப்பியிருக்காது. முன்கட்டையில் மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ ஓடியது. அது வங்காளத்து இஷாப்பூர் அரசு ரைஃபிள் ஆலைக்காரர்கள் கட்டை பிளக்காமல் இருக்கப் போடுகிற ஸ்க்ரூ. பர்மிங்ஹாமில் செய்து ரங்கூனில் விற்று நேரே பெட்டகசாலைக்கு வந்த துப்பாக்கிக்கு இஷாப்பூரில் என்ன வேலை? போல்ட்டின் பின்புறத்து நம்பர் ஒன்று, உடல் நம்பர் இன்னொன்று. போல்ட் மாறியிருந்தால் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகப்புக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளந்தாக வேண்டும். அது கூடிப்போனால் பித்தளை கிழிந்து வாயு சுடுபவர் முகத்துக்கே வரும்.

கடைசியாக மாமா, ".315 தோட்டா ஒன்று எடுங்கள், அளந்து பார்ப்போம்" என்றார். ஸ்டாக் இல்லை என்றார் கடைக்காரர். அவர் தலைக்கு மேல் அலமாரியில் .315 என்று எழுதிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. சரி என்று மாமா பித்தளைக் குச்சியை எடுத்தார். 7.85 மில்லிமீட்டர். .315 அங்குலம் என்பது 8 மில்லிமீட்டர்; அந்தக் குழலாக இருந்தால் குச்சி தடையில்லாமல் இறங்கவேண்டும். .303-இன் உள்விட்டம் 7.7 மில்லிமீட்டர்தான். குழல் வாயில் வைத்தார். குச்சி வாசலிலேயே நின்றுவிட்டது.

கடைக்காரருக்குக் கூச்சமே இல்லை. "மாடல் எது என்று யார் ஐயா பார்க்கிறார்கள்? லைசென்ஸில் நம்பர்தானே ஏறப்போகிறது" என்றார்.

இந்த வார்த்தைக்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மாடல் என்பது சேகரிப்பவர்களின் பெருமைச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அது அப்படி இல்லை. .303 தடைசெய்யப்பட்ட போர் அளவு. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்ற கொள்கையால்தான் .315 என்ற அளவே இங்கே வேரூன்றியது; இஷாப்பூர் ஆலை இன்றும் .315-ஐ லீ-என்ஃபீல்டு வழியிலேயே செய்கிறது. அதனால்தான் இரண்டும் தூரத்துப் பார்வைக்கு ஒரே ஜாடை, மோசடிக்காரருக்கும் வேலை சுலபம். தடைசெய்யப்பட்ட போர் அளவுக்கு மத்திய உள்துறைதான் லைசென்ஸ் தர முடியும், கலெக்டர் தர முடியாது. அது இல்லாமல் கையில் வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் பதினான்கு ஆண்டு சிறை. இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, அடையாளக் குறி அழிக்கப்பட்ட துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அரம் பிடித்தவன் எங்கோ இருப்பான். தேர்தல் வந்து எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது, எழுத்தர் நம்பரைப் பார்க்கத் திருப்பினால் மாட்டுவது நீங்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா மற்ற ரைஃபிள் வகைகளையும் சொல்லிக்கொண்டு வந்தார். ரிக்பி என்ற லண்டன் கடைப் பெயரைச் சொல்லி விற்றால் உள்ளே ஜெர்மன் மவுசர் இயந்திரமா என்று பார்க்கச் சொன்னார். போல்ட்டின் வலப்பக்கம் முழுநீளத்துக்கு சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஒரு நகம்போல் ஓடும், பூட்டும் காதுகள் முன்னால் இருக்கும், பின்முனையில் மேலே புரட்டுகிற மூன்று நிலைப் பாதுகாப்பு இருக்கும். லீ வகைக்குப் பூட்டு பின்னால், போல்ட்டின் தலை தனியே திருகிக் கழலும். ஆஸ்திரிய மான்லிக்கர்-ஷோனாவர் என்றால் போல்ட் கைப்பிடி போவதற்கு உடலின் மேற்பாலமே நடுவில் பிளந்திருக்கும், மேகசின் உள்ளே சுழலும். குழல்மேல் எழுதியிருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், இயந்திரத்தை மாற்ற முடியாது என்பது அவர் கட்சி. லண்டன் துப்பாக்கிக் கடைகள் சிலவற்றில் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. நம்பரைக் கொடுத்தால் அந்தத் துப்பாக்கி எந்த ஆண்டு, எந்த அளவுக் குழலோடு செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். விற்பவர் நம்பரை முன்கூட்டியே தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முன்பணம் இன்னும் வரவில்லை. கடைக்காரர் தரகரைக் காட்டுகிறார், தரகர் வீட்டாரைக் காட்டுகிறார், வீட்டார் யார் என்று கேட்டால் சிங்கப்பூரில் இருக்கிறார்களாம். ரசீது நகலோடும், கடையில் எடுத்த படங்களோடும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். துப்பாக்கி என் கைக்கு வரவே இல்லை, லைசென்ஸில் ஏறவும் இல்லை என்பதையும் அதில் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறேன். இதுபோல் முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் அதையே முதல் வரியில் எழுதுங்கள்.

சென்ற வாரம் தேவகோட்டை நண்பர் ஒருவருக்கு அதே துப்பாக்கியின் படம் வந்திருக்கிறது. இப்போது பெயர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், விலை இன்னும் அறுபதாயிரம் கூடுதல். வீடும் பர்மாவிலிருந்து மலேயாவுக்கு மாறிவிட்டது. அடையாளம் சொல்கிறேன்: பின்கட்டையின் இடப்பக்கம், வார் மாட்டும் வளையத்துக்கு மேலே, வேறு நிற மரத்தில் வட்டமாக ஓர் ஒட்டு இருக்கிறது, பழைய ரூபாய் நாணய அளவு. முன்கட்டையின் நுனிக் கொம்பு கறுப்பு பிளாஸ்டிக். மடக்கு இலைகளில் நடு இலை சற்றே வலப்பக்கம் வளைந்திருக்கும். இந்த மூன்றும் படத்தில் இருந்தால் என்ன பெயர் சொன்னாலும் அது இந்தத் துப்பாக்கிதான்.