ஸ்டெபிலைசர் போன கேம்கார்டர்: லென்ஸ் பிளாக்கை மாற்றுவதா, அணைத்துவிட்டு ஓட்டுவதா?

ட்ரைபாடில் இறுக்கி வைத்த பிறகும் படம் துடிக்கிறது, லென்ஸ் பக்கம் காதை வைத்தால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். இரண்டும் சேர்ந்து வந்தால் கையைக் குறை சொல்ல முடியாது, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர்தான் போயிருக்கிறது. இனி மூன்று வழி உண்டு: லென்ஸ் பிளாக்கை (லென்ஸ், காயில், சென்சார் சேர்ந்த தொகுதி) மாற்றலாம், ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கி) மென்பொருளுமாகச் சமாளிக்கலாம், வேறு கேமரா வாங்கலாம். என் முடிவு இரண்டாவது, சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் எல்லாப் பழுதுக்கும் அது ஒத்துவராது.

முதலில் சோதனை. கேமராவை ட்ரைபாடில் வைத்து, சுவரில் மாட்டிய காலண்டரைக் குறிபார்த்து, ஸ்டெபிலைசர் மெனுவின் ‘ஆக்டிவ்’, ‘ஸ்டாண்டர்ட்’, ‘ஆஃப்’ மூன்றிலும் ஒவ்வொரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அகலக் கோணத்தில் ஒரு முறை, முழு ஜூமில் ஒரு முறை. ஆக்டிவில் மட்டும் படம் லேசாக மிதந்தால் அது பழுதில்லை. ட்ரைபாடில் அந்த நிலை அப்படித்தான் நடந்துகொள்ளும். கேமராவைத் திருப்பி நிறுத்தியதும் படம் கொஞ்சம் வழுக்கிப்போய் நிற்பதும் அதே கதைதான். பாஸ் ஸ்பீக்கர், செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் மட்டும் நடுங்கினால் அதிர்வு, கேமராவின் அசைவை உணரும் கைரோ சென்சார் வரை போகிறது என்று பொருள். தள்ளி நின்று பாருங்கள். காந்தப் பிடிப்புள்ள போன் ஸ்டாண்டு எதையாவது அருகில் பொருத்தியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

சோனி ஏஎக்ஸ்33, ஏஎக்ஸ்53 போன்றவற்றில் லென்ஸ் தொகுதி முழுவதும் மிதக்கும் அமைப்பு. பவர் இல்லாதபோது லென்ஸ் தொங்கியதுபோல் தெரியும், ஆட்டினால் கடகடக்கும். அது இயல்பு. பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துப் பதறி, நல்ல பொருளை விட்டுவிட்டு வருவதுண்டு.

சோதனையில் ‘ஆஃப்’ என்ன சொல்கிறது என்பதில்தான் முடிவு இருக்கிறது. ஆஃப் என்றால் லென்ஸ் பூட்டப்பட்டுவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கேம்கார்டர்களில் பூட்டு என்று எதுவும் கிடையாது. காயிலில் மின்சாரம் ஓடி, காந்தத்தின் பிடியில் லென்ஸை நடுவில் நிறுத்தி வைத்திருக்கும்; நடு எது என்று ஹால் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆஃப் செய்ததும் படம் கல்லாக நின்றால் கோளாறு கைரோவிலோ அதன் கணக்கிலோதான், இரண்டாவது வழி தாராளமாகச் செல்லும். ஆஃபிலும் நடுங்கினால் ஹால் சென்சாரோ, காயிலோ, அவற்றுக்குப் போகும் ஃப்ளெக்ஸ் எனும் தட்டையான வளையும் கேபிளோ போயிருக்கிறது. லென்ஸ் ஓயாமல் ஆடும் இடத்தில் அந்த ஃப்ளெக்ஸ் மடிந்து மடிந்து விரிசல் விடும். இந்த நிலையில் அணைத்தும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நடுங்கும் காட்சியைப் பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாமே என்று விட்டுவிடாதீர்கள். கை நடுக்கம் மெதுவானது. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே படம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து திருப்பித் தள்ளிவிடலாம். பழுதான ஸ்டெபிலைசரின் துடிப்பு அப்படியில்லை, மிக வேகமானது. சிமாஸ் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே மேல் வரி ஒரு பக்கமும் கீழ் வரி ஒரு பக்கமும் கோணிவிடும். அதை நிமிர்த்தப் போனால் முகம் ஜெல்லி மாதிரி ஆடும். ஏற்கெனவே எடுத்துத் தொலைத்த காட்சிக்கு டாவின்ச்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டெபிலைசரில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ வேண்டாம், ‘டிரான்ஸ்லேஷன்’ போட்டுப் பாருங்கள். கோணல் குறைவாகத் தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே பதிவின்போதே அணைத்துவிட வேண்டும். அடுத்த கவனம் ஷட்டரில். 25 ஃப்ரேமுக்கு வழக்கமான 1/50-இல் கை நடுக்கம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மங்கலாகப் பதிந்துவிடும். மென்பொருள் படத்தை நிறுத்தினாலும் மங்கல் நிற்காது, நின்ற படத்தில் விட்டுவிட்டுத் தெளிவு போய்வரும். 1/100 வைத்தால் மங்கல் பாதியாகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் மினுக்கலும் வராது. விலை ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி வெளிச்சம்; ஈடுகட்ட 6 டெசிபல் கெயின் (மின்னணுப் பெருக்கம்) ஏற்ற வேண்டும். மண்டப வெளிச்சத்தில் தாங்கும், இரவு ஊர்வலத்தில் கஷ்டம்.

மென்பொருள் ஓரத்தை வெட்டித்தான் படத்தை நிறுத்தும்; 4கே-யில் எடுத்து 1080-இல் கொடுத்தால் ஓரம் வெட்டுவதற்கு இடம் தாராளம். ஜூமைக் குறைத்து ஆளிடம் நெருங்கிப் போங்கள். பழைய 50ஐ இன்டர்லேஸ் காட்சி (ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறிமாறிப் பதிவானது) என்றால் முதலில் டீஇன்டர்லேஸ் செய்து, முழு ஃப்ரேம்களான 50பி ஆக்கிவிட்டுத்தான் ஸ்டெபிலைஸ் செய்ய வேண்டும். வரிசை மாறினால் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகிவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளின் விட்ஸ்டாப் ஸ்டெபிலைசரில் ஷேக்கினெஸ் (நடுக்க அளவு) 5, ஸ்மூத்திங் (சீராக்கும் அளவு) 10 என்ற இயல்பு அளவிலேயே தொடங்குங்கள். ஸ்மூத்திங்கை 30-க்கு ஏற்றினால் வெட்டும் கூடும். கைரோஃப்ளோ என்ற மென்பொருளை நம்ப வேண்டாம். அதற்குக் கைரோ தரவு கோப்போடு பதிவாகியிருக்க வேண்டும், வீட்டு உபயோக கேம்கார்டர்கள் அநேகமாக அதை எழுதுவதில்லை.

மாற்றுவதில் உள்ள வில்லங்கம் கூலி மட்டுமல்ல. லென்ஸ், காயில், சென்சார் எல்லாம் ஒரே பிளாக்காக வரும். நிறுத்தப்பட்ட மாடலுக்குப் புதிது கிடைப்பது அரிது. வேறொரு பழுதான கேமராவிலிருந்து கழற்றியதுதான் வரும், அதன் ஃப்ளெக்ஸும் அதே வயசு. போட்ட பிறகு ஃபிளேஞ்ச்பேக் (லென்ஸுக்கும் பட சென்சாருக்கும் இடையேயான தூரம்), ஹால் அளவு இரண்டையும் சர்வீஸ் மென்பொருளில் சரிசெய்ய வேண்டும். செய்தார்களா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்: முழு ஜூமில் தூரத்துப் பலகையை ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அகலக் கோணத்துக்கு வாருங்கள். எழுத்து மங்கினால் ஃபிளேஞ்ச்பேக்கைத் தொடவில்லை. பணம் கொடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஆஃபில் படம் நிற்கிறது என்றால், நடந்துகொண்டே எடுப்பதுதான் பிழைப்பாக இருந்தால் மட்டும் இந்தச் செலவில் நியாயம் உண்டு. அரங்கேற்றம், மேடைப் பேச்சு என ட்ரைபாடிலேயே நிற்பவர்களுக்கு ஸ்டெபிலைசர் போனதில் நஷ்டமே இல்லை. கிம்பலில் (மோட்டாரில் சமன்செய்யும் கைப்பிடி) கேம்கார்டர் வைத்து எனக்கு அதிகப் பழக்கமில்லை. திரையைத் திறந்தாலே எடை ஒரு பக்கம் சாய்வதால், ஒவ்வொரு முறையும் சமன் செய்ய வேண்டியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

புதுக் கேமரா? காசிருந்தால் வாங்குங்கள். பழசு உதிரிபாக விலைக்குத்தான் போகும், அதை மோனோபாடில் வைத்து இரண்டாம் கேமராவாக வைத்துக்கொள்வது லாபம்.

அணைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: வீடியோவுக்கும் போட்டோவுக்கும் ஸ்டெபிலைசர் மெனு தனித்தனியாக இருக்கும் மாடல்களில் இரண்டிலும் அணையுங்கள். அமைப்புகளை ரீசெட் செய்தால் அது மறுபடி ஆனாகிவிடும். ஆட்டோ மோடுக்கு மாற்றும்போதும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.