ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: வேலூரில் வைத்து ஓட்ட விரும்புவோருக்கான மதிப்பீடு

பழைய கார் என்றதும் நம் பக்கத்தில் பெரும்பாலோர் சொல்வது அம்பாசிடர், ஃபியட் என்ற இரண்டு பெயர்களைத்தான். உத்தரபாராவில் செய்த அம்பாசிடருக்கும் பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட்டுக்கும் போட்டியாக, வண்டலூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் பத்தாண்டுக் காலம் செய்து விற்ற ஹெரால்டு, தமிழ்நாட்டில் தயாரான கார் என்ற ஒரு காரணத்துக்காகவே இங்கே இதைவிட அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, வாலாஜா என்று வட ஆற்காடு முழுவதும் வீட்டுக் கொட்டகைகளில் நின்ற ஹெரால்டுகள் ஒவ்வொன்றாக எடைக்குப் போயின. அதை மட்டும் விற்றிருக்கக் கூடாது என்று வருத்தப்படும் பெரியவர்களை இன்றும் இந்த ஊர்களில் சந்திக்க முடியும். அப்படி விற்கப்படாமல் ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக் குடும்பத்தின் கொட்டகையில் தப்பி நின்ற நான்கு கதவு மார்க் 3, அதாவது ஹெரால்டின் மூன்றாம் வடிவம், என் கைக்கு வந்தது. அதைச் சீர்செய்து வேலூரில் ஓட்டிவரும் அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்து மூன்று கார்களில் ஓட்டுபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் மிகவும் இணக்கமான கார் ஹெரால்டுதான், அதன் பின் அச்சின் குணம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாத காரும் அதுவேதான்.

இந்தக் காரின் நல்லது கெட்டது இரண்டுக்கும் வேர் அதன் அமைப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் 1950-களில் புதிய சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஆலை போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல் போகவே, தனியாக ஒரு சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), அதன் மேல் வெவ்வேறு இடங்களில் அடித்த பாடித் துண்டுகளைப் போல்ட்டில் முடுக்குவது என்று முடிவு செய்தார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அதற்குக் கூர்மையான, மெல்லிய தூண்களும் அகலமான கண்ணாடிகளும் கொண்ட உருவத்தைக் கொடுத்தார். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் கார் வெளிவந்தது. அங்கே நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு, பாகங்களாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் கோப்பதற்கும் உள்ளூர்ப் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்கும் மிகப் பொருத்தமாக அமைந்ததால், சென்னைத் தொழிற்சாலைக்கு அது பெரும் வசதியாயிற்று. 1968-ல் வந்த மார்க் 3-ல் நான்கு கதவு வைத்தது நம்மவர்கள் செய்த மாற்றம். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே இருந்தன. குடும்பத்தோடு பயணம் செய்யும் நாட்டில் இது எவ்வளவு அறிவார்ந்த மாற்றம் என்பது பின்சீட்டில் பாட்டியை ஏற்றி இறக்கும்போதுதான் புரிகிறது.

ஹெரால்டைப் பார்க்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதன் பேனட்டைத்தான். முன் சக்கரங்களுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் உண்டு. இரண்டையும் விடுவித்துவிட்டுத் தூக்கினால், பேனட் மட்டுமின்றி இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்த மொத்த முன்பகுதியும் பம்பர் பக்கமாகச் சாய்ந்து திறந்துகொள்ளும். எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டியரிங் ராக், முன் ஸ்பிரிங், பிரேக் குழாய் என எல்லாமே இடுப்புயரத்தில் கண்ணெதிரே நிற்கும். கொசப்பேட்டையில் எனக்கு வேலை செய்து தரும் வயதான மெக்கானிக், முன் டயரின் மேலேயே உட்கார்ந்து தீப்பொறிக்கு மின்சாரம் பகிரும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் சி.பி. பாயிண்ட் என்ற மின்தொடர்பு முனையை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி பார்த்து வைப்பார். குனிய வேண்டியதில்லை, படுக்க வேண்டியதில்லை, விளக்குப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. இதே வேலைக்கு அம்பாசிடரில் வயிற்றை மட்கார்டில் அழுத்திக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். பழைய காரை வைத்திருப்பவர் அதை ஓட்டும் நேரத்துக்குச் சமமாகப் பழுது பார்க்கவும் நேரம் செலவிடுவார் என்பதால், இந்த ஒரு வசதிக்கு மற்ற எதையும்விட அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஊருக்குள் ஓட்டும்போது இதன் இன்னொரு சிறப்பு தெரியவரும். முன் சக்கரங்கள் மிக அதிகமாகத் திரும்பக் கூடியவை. 25 அடி விட்டத்துக்குள், அதாவது சுமார் ஏழரை மீட்டருக்குள், கார் முழுவதும் வட்டமடித்துவிடும். வேலூர் லாங்கு பஜாரிலும் இங்குள்ள சைதாப்பேட்டைச் சந்துகளிலும் எதிரில் தள்ளுவண்டி வந்து நிற்கும்போது, இன்றைய சிறிய கார்களே முன்னும் பின்னும் எடுத்துத் தவிக்கும் இடத்தில், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். அம்பாசிடரும் ஃபியட்டும் ஸ்டியரிங் தண்டில் கியரை வைத்திருந்த காலத்தில் இதில் கியர் தரையில் இருந்தது. குட்டையான, துல்லியமான கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே பல்சக்கரங்களை உரசாமல் சேர்க்கும் ஏற்பாடு) கிடையாது என்பதால் கார் முழுவதும் நின்ற பிறகே அதில் போட வேண்டும், அல்லது கிளட்சை இருமுறை மிதித்து மாற்றும் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 948 சி.சி. எஞ்சின் வலிமையானது அல்ல. நான்கு பேரோடு காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாம் கியரைக் கேட்கும். ஆனால் கேட்பதைக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் இழுக்கும். எனக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது.

இனி பின் அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெரால்டு வாங்க நினைப்பவர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிட வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே கெட்டி அச்சு இணைத்திருக்கும். ஹெரால்டில் அப்படியில்லை, எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியல் சேசிஸில் நிலையாக இருக்க, அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் அரை அச்சுகள் கதவுக் கீல் போலத் தனித்தனியே மேலும் கீழும் ஆடுகின்றன, குறுக்காக வைத்த ஒரே பட்டை ஸ்பிரிங் கட்டு இரண்டையும் தாங்குகிறது. மோசமான சாலையில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதைத் தொடாது என்பதால் பயணம் மென்மையாக இருக்கும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பகுதி மேலெழும்பி, வெளிப்புறச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கப் பார்க்கும். அந்த நொடியில் கார் பின்பக்கமாகச் சறுக்கத் தொடங்கும்.

ஏலகிரி மலைச்சாலை இதைக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, இந்தக் காரின் குறுகிய திருப்பத்தைப் போல இன்பம் தருவது வேறில்லை. இறங்கும்போது ஒழுக்கம் வேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, இரண்டாம் கியரில் போட்டு, வளைவு முடியும்வரை ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தபடியே வர வேண்டும். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. நிறுவனமும் இந்தக் குறையை அறிந்தே இருந்தது. ஹெரால்டுக்கு அடுத்து, 1970-களில், அதே எஞ்சினோடு வந்த ஸ்டாண்டர்டு கெசலில் கெட்டி அச்சுக்கு மாறிவிட்டார்கள். மலையடிவாரத்தில் குடியிருப்பவர், வேகமாக ஓட்டும் பழக்கத்தை விட முடியாதவர், கெசலைத் தேடுவது நல்லது. அழகில் அது ஹெரால்டுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

அடுத்த முக்கியமான இடம் முன் சக்கரத்தின் அடியில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் சுழலும். அங்கே கிரீஸ் வைக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகிப்போய் மரையின் அடிவரை இறங்காமல் நின்றுவிடும், தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் காரில் பழைய வெண்கலக் கட்டையைக் கழற்றியபோது உள்ளே மெழுகுபோல் இறுகிய கறுப்புக் கிரீஸ்தான் இருந்தது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குச்சியால் சுரண்டிக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: "கிரீஸ் கன்னைப் பாத்தா எல்லாத்துக்கும் அடிச்சிடறாங்க தம்பி. இது எண்ணெய் குடிக்கிற எடம்." ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இந்த இரண்டு இடங்களுக்கும் கியர் ஆயில் ஏற்றப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

வேலூர் வெயில் எந்தப் பழைய பெட்ரோல் காருக்கும் சோதனை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது, எஞ்சினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் காத்திருப்பதே பழைய மருந்து; அது இன்றும் பலிக்கிறது. ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டு, பெட்ரோல் குழாயைச் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டிய பிறகு என் காரில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. இதைவிடக் கவலை தருவது இப்போதைய பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துப் பிளக்கச் செய்யும் என்பதால், எத்தனால் தாங்கும் ரகக் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவது அவசியம். கார் நீண்ட நாள் நிற்கப் போகிறது என்றால் டாங்கியைப் பாதியில் விட்டுவைக்கக் கூடாது, ஏனெனில் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டாங்கியின் அடியில் துருவை வளர்க்கும். பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் சீட்டுகள் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதால், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட்டுகளை லேத் பட்டறையில் பதித்துக்கொள்வதும் சேர்ந்தே முடிய வேண்டிய வேலை.

ஆறு வழிச் சாலையில் இந்தக் கார் 70 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகும்; அதற்கு மேல் எஞ்சின் சத்தமும் கதவு இடுக்கில் புகும் காற்றின் சத்தமும் சேர்ந்துகொள்ளும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் என்பதை மறக்காமல் இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் பள்ளிகொண்டா வழியாக வாணியம்பாடிவரை களைப்பில்லாமல் போய்வரலாம்.

உதிரிப் பாகங்கள் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். பயத்தில் பாதிதான் நியாயம். இந்த எஞ்சினின் வம்சம் 1953-ல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டில் தொடங்கி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் விளையாட்டுக் கார்வரை நீண்டது. அதனால் கேஸ்கட், பேரிங், வாட்டர் பம்ப் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தால் விலை கூடும், ஆனால் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய பாகங்கள் அவ்வப்போது அகப்படும். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், புஷ் ஆகியவற்றை வேலூரிலேயே பழையதைக் காட்டிச் செய்துகொள்ளலாம். உண்மையில் கிடைக்காதவை மார்க் 3-க்கே உரிய பின்கதவுத் தகடுகள், ரப்பர் பீடிங்குகள், முன்பக்க கிரில், பெயர்ப்பட்டைகள். இவை குறைந்த காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

வாங்கும்போது பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் பாடியைத் தாங்குகின்றன. ஜாக்கியில் தூக்கி, அவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். துளை விழுந்தால் அதற்கான வெல்டிங் செலவைக் கணக்கிட்ட பிறகே விலை பேச வேண்டும். கடற்காற்றுப்பட்ட சென்னைக் கார்களைவிட, வறண்ட நம் மாவட்டத்துக் கொட்டகைகளில் நின்ற கார்களின் அடிப்பாகம் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். கதவுகள் சரியாகச் சாத்தாமல் தொங்கினால் அது கதவின் குறையாக இருக்காது. பாடியின் முன், பின் பகுதிகளை இணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், அல்லது சேசிஸ் வளைந்திருக்கும்.

காகிதங்களில் இரண்டு வழிகள் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார் என்பதால் 2021-ல் வந்த விதிப்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் வி.ஏ. எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போய்வர நினைப்பவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளட்டும், 20 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். எந்த வழியானாலும் சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். இவ்வகைக் கார்கள் பெரும்பாலும் மறைந்துபோன தாத்தாவின் பெயரிலேயே நிற்கின்றன. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகள் அனைவரின் சம்மதக் கடிதமும் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.